பேர் தெரியாதவர்களுக்கு நன்றி

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் சுங்கவரி அன்றாடப் பேச்சு. அதே சுங்கவரி 2021-இல் நாமக்கல் மாவட்டத்து ஒரு வீட்டில் பெருங்கவலையாக வந்து நின்றது.

அந்த வீட்டுக் குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு என்ற மரபணு நோய். இந்த நோய் கடுமையாக வந்தால் கால் ஊன்றி நிற்கவும் உடம்பில் வலு இருக்காது. முற்றினால் மூச்சுவிடுவதே சிரமம். மருந்து உண்டு, பெயர் சோல்ஜென்ஸ்மா. குறைபட்ட மரபணுவுக்கு ஈடான ஒன்றை, தீங்கில்லாத வைரஸ் ஒன்று சுமந்துபோய் நரம்பு செல்களில் சேர்க்கிறது. ஒரே தடவை, சுமார் ஒரு மணி நேரம் நரம்பு வழியே ஏற்றினால் போதும்.

அப்போது விலை 16 கோடி ரூபாய்! இறக்குமதி செய்ய வரி மட்டும் தனியாக ஏறக்குறைய 6 கோடி.

பெற்றோர் ஊராரிடம் கையேந்தினார்கள். முகம் பார்த்திராதவர்கள் பணம் அனுப்பினார்கள். மத்திய அரசு வரியைத் தள்ளுபடி செய்தது. மருந்து வந்தது, குழந்தைக்கு ஏற்றப்பட்டது.

பலர் சேர்ந்து தந்த இந்தப் பணத்தை எண்ணும்போது, 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பங்கு ஒன்று 25 ரூபாய் என்று 40,000 பங்குகளாகப் பிரித்து மூலதனம் திரட்ட இறங்கியது நினைவுக்கு வருகிறது. அதில் பங்கு வாங்கியவர்களுக்குப் பதிவேடு இருந்தது. இந்தப் பெற்றோருக்கோ, நன்றி சொல்ல வேண்டியவர்களில் பலரின் பெயரே தெரியாது. நூறு ரூபாய் போட்டுவிட்டு, மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனவர்கள் அவர்கள்.