சிவப்பு மையால் அடித்த விடை

(மேல்நிலை வகுப்பு இயற்பியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். மீக்கடத்திக்கு எடுத்துக்காட்டு கேட்டிருந்தேன். ஒரு மாணவி 'இரும்புச் சேர்மங்கள்' என்று எழுதியிருந்தாள். "இரும்பு காந்தப்பொருள், காந்தம் மீக்கடத்தலுக்குப் பகை" என்று சொல்லி, சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை, முகம் வாடிவிட்டது. அன்றிரவு தேடிப் படித்தேன்.

1911இல் கேமர்லிங் ஆன்ஸ் பாதரசத்தில் சுமார் 4.2 கெல்வினில் மீக்கடத்தலைக் கண்டார். பிறகு நெடுங்காலம் காந்தத் தனிமங்களை ஒதுக்குவதே வழக்கமாயிற்று. 2008இல் ஜப்பானில் ஹிடியோ ஹோசோனோ குழுவினர், இரும்பும் ஆர்சனிக்கும் கொண்ட சேர்மத்தில் ஃபுளூரினைச் சேர்த்து, 26 கெல்வினில் மீக்கடத்தலைக் காட்டினர்.

இதே குடும்பத்துப் பேரியம் இரும்பு ஆர்சனைடு, தூய நிலையில், சாதாரண அழுத்தத்தில் மீக்கடத்தியன்று. சுமார் 140 கெல்வினுக்குக் கீழே அதன் இரும்பு அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் காலை வணக்கக் கூட்டம்போல வரிசைகட்டி நிற்கும். ஒரு வரிசை ஒரு பக்கம் நோக்கினால், அடுத்த வரிசை எதிர்ப்பக்கம் நோக்கும். இதுவே எதிர் ஃபெர்ரோகாந்தம்.

நூறு இரும்பு அணுக்களில் ஆறேழை எடுத்துவிட்டுக் கோபால்ட்டை வைத்தால் இந்த ஒழுங்கு தளர்கிறது. 20 கெல்வினுக்குச் சற்று மேலேயே மீக்கடத்தல் தோன்றுகிறது. கோபால்ட்டில் ஓர் எலக்ட்ரான் கூடுதல். அப்படியானால் காரணம் எலக்ட்ரான் மட்டுமா? இரும்பின் தொகுதியைச் சேர்ந்த ருத்தேனியம் கூடுதல் எலக்ட்ரான் தருவதில்லை. அதையும் போதிய அளவு சேர்த்தால் காந்த ஒழுங்கு அடங்கி, மீக்கடத்தல் வருகிறது. மாங்கனீசைச் சேர்த்தாலோ காந்த ஒழுங்கு குலைந்தும் மீக்கடத்தல் வருவதில்லை. அதன் அணுக்கள் தமக்கென வலிய காந்தத்தைச் சுமந்து நிற்கின்றன. இரும்பைத் தொடாமல் பேரியத்தின் இடத்தில் பொட்டாசியத்தை வைத்தால் 38 கெல்வின் வரை எட்டுகிறது.

ஆக, எத்தனை அந்நிய அணுக்கள் என்பதோடு, எந்த அணு, எந்த இடத்தில் என்பதும் முக்கியம். வகுப்பில் நூறு கட்டம் வரைந்து, வரிசைக்கு வரிசை திசை மாற்றி அம்புக்குறியிடச் சொல்லுங்கள். பிறகு ஆறேழு கட்டங்களை அங்கங்கே அழிக்கச் சொல்லுங்கள். ஒழுங்கு எங்கே குலைகிறது என்று மாணவர்களே காட்டுவார்கள்.

மறுநாள் வகுப்பறையில் அனைவர் முன்னிலையிலும் அந்த மதிப்பெண்ணைத் திருத்தினேன். "ஐயா, காந்தம் பகைதானா இல்லையா?" என்று கேட்டாள். "ஒழுங்காக நிற்கும் காந்தம் இங்கே மீக்கடத்தலோடு போட்டியிடுகிறது. அது தளர்ந்தபின் எஞ்சும் காந்த அலைவுகளே மீக்கடத்தலுக்குத் துணைபுரிவதாகப் பலர் கருதுகிறார்கள், முடிந்த முடிபு இன்னும் இல்லை" என்றேன். அவள் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.