பெயர் பொறிக்கப்படாத கொடையாளர்கள்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற உடல்நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆயினும் இன்று பேச வந்திருக்கும் பொருளைச் சபையில் எடுத்துரைக்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தக் கூச்சம்தான் என் அண்ணனைக் கொண்டுபோனது. ஆகவே பேசுகிறேன்.

என் அண்ணன் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களைப் படிக்க வைத்தவர். வயதான காலத்தில் இரவில் ஐந்தாறு முறை சிறுநீர் கழிக்க எழுவார். "வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்" என்பார். டாக்டரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று இரண்டு ஆண்டுகள் மறைத்தார். இடுப்பு வலி தாங்காமல் போன பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார். புராஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் அதற்குள் எலும்புக்குப் பரவியிருந்தது.

மலேசிய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் குடல், நுரையீரல் ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் இந்நோய் இருப்பதாக 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு கூறுகிறது. அதே பதிவேட்டின்படி, நம் நாட்டில் எல்லா வகைப் புற்றுநோய்களிலும் 60 விழுக்காட்டுக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்படுகின்றன. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். அதனால் நான் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். எனக்கும் இருந்தது. ஆனால் சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை.

எனக்கு அளிக்கப்பட்டது படவழிக் கதிரியக்கச் சிகிச்சை. புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னே இருக்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்தாலும் மலக்குடல் உப்பினாலும் அது சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. அதனால் ஒவ்வொரு நாளும் கதிரைச் செலுத்துவதற்கு முன்பு, அந்த இயந்திரத்திலேயே படம் எடுத்துப் பார்க்கிறார்கள். சிலருக்குச் சுரப்பிக்குள் அரிசி மணியைவிடச் சிறிய தங்கத் துணுக்குகளை வைத்து அடையாளம் காண்பதும் உண்டு. படத்தைப் பார்த்து, படுத்திருக்கும் மேசையை நகர்த்திச் சரிசெய்த பின்பே கதிர் பாயும். சொன்ன அளவு தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு படுத்திருப்பதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. மற்றபடி அந்த நேரத்தில் வலி இல்லை.

20 நாளில் முடிந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு கிள்ளானில் இருக்கும் என் நண்பருக்கு ஏழு வாரத்துக்கு மேல் ஆயிற்று. "எனக்கு மட்டும் ஏன் குறைவு, டாக்டர்?" என்று கேட்டேன். "3,216 பேர் உங்களுக்காக முன்வந்தார்கள், சார்" என்றார்.

அது சிப் என்ற மருத்துவ ஆய்வு. பிரிட்டனை மையமாகக் கொண்டு 2002 முதல் 2011 வரை நோயாளிகளைச் சேர்த்தார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள குடவோலையை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஏறக்குறைய அதைப்போலவே, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை டாக்டரோ நோயாளியோ தேர்ந்தெடுக்காமல் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஓர் அணிக்கு 37 தடவை, மற்றோர் அணிக்கு 20 தடவை, மூன்றாம் அணிக்கு 19 தடவை. 2016இல் முடிவு வெளியானது. ஐந்து ஆண்டுகள் கழித்து நோய் திரும்பாதிருந்தவர்கள் 37 தடவை பெற்ற அணியில் 88.3 விழுக்காடு, 20 தடவை பெற்ற அணியில் 90.6 விழுக்காடு. பக்கவிளைவுகளும் ஏறத்தாழ ஒன்றே.

பிறகு 874 பேர் பங்கேற்ற பேஸ்-பி ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஆரம்ப நிலை நோய்க்கு ஐந்தே தடவை போதும் என்று அது காட்டியது. சிறுநீர்த் தொல்லை மட்டும் சற்றுக் கூடுதல். பாரதத்திலும் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 224 பேர் பங்கேற்ற ஆய்வு 2021இல் வெளியானது. நோய் முற்றும் அபாயம் மிகுந்தவர்களுக்குச் சுரப்பியோடு இடுப்புப் பகுதி நிணநீர்க் கணுக்களுக்கும் படவழிக் கதிர் கொடுத்தபோது, ஐந்து ஆண்டுகள் நோய் தலைகாட்டாதிருந்தவர்கள் 95 விழுக்காடு. சுரப்பிக்கு மட்டும் கொடுத்தபோது 81.2 விழுக்காடு.

"நான் சோதனை எலியாக மாட்டேன்" என்று நம்மவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பயம் காரணமில்லாதது அன்று. ஏழைகளின் உடலைக் கேட்காமலே பயன்படுத்திய கொடுமைகள் வரலாற்றில் உண்டு. அதனால்தான் 1964இல் ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது. இன்று நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்து ஒப்புதலும் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; அதனால் சிகிச்சை நிற்காது. ஆய்வின் நோக்கம் என்ன, பக்கவிளைவு என்ன, தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று கேளுங்கள். புரியும் மொழியில் பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். புரிந்த பின் மறுப்பதும் உங்கள் உரிமையே.

அன்பர்களே, ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள் டாக்டரிடம் பேசுங்கள். குடும்பத்தில் நோய் இருந்தால் நாற்பத்தைந்திலேயே பேசுங்கள். இந்நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. பி.எஸ்.ஏ. கூடினால் புற்றுநோய்தான் என்றும் நினைக்க வேண்டாம். சுரப்பி வீங்கினாலும் கிருமி தொற்றினாலும் கூடும். மெல்ல வளரும் சிலவகை நோய்க்கு உடனே சிகிச்சைகூட வேண்டியதில்லை, கண்காணித்தாலே போதும். செமினிக்குத் தொலைவில்லாத புத்ராஜெயாவில் 2013 முதல் தேசியப் புற்றுநோய்க் கழகம் இயங்கி வருகிறது. முதலில் நம் ஊர் கிளினிக்கில் வாய் திறந்தால் போதும், வழி தெரியும்.

இவ்வாலயத்தின் சுவரில் கொடையாளர்களின் பெயர்களைப் பளிங்கில் பொறித்திருக்கிறோம். அது முறைதான். ஆனால் தமக்குப் பலன் கிடைக்கும் என்ற உறுதி இல்லாமலே முன்வந்த அந்த 3,216 பேரில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் தந்த கொடையில்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். கோயிலுக்கு வரும்போதெல்லாம் என் அண்ணன் பெயரில் ஓர் அர்ச்சனை செய்வேன். இப்போது அவர்களுக்காகவும் பெயர் சொல்லாமல் ஓர் அர்ச்சனை செய்கிறேன்.

அம்பாள் திருவருளால் அனைவரும் நலமுடன் வாழ வேண்டி விடைபெறுகிறேன்.