சாவி நம் கையில் இருக்கட்டும்



2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலை சரிந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. உடுத்த துணியோடு வீட்டை விட்டு ஓடியவர்கள் எத்தனையோ பேர். அப்படி ஓடுகிறவர் முதலில் பிள்ளையைத் தூக்குவார், அடுத்து போனை எடுப்பார். வேறு எதற்கும் நேரம் இருக்காது. அந்த போனும் சேற்றோடு போய்விட்டால் என்ன மிஞ்சும்? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

திம்புள்ளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தின் போனுக்குள் இன்று என்னவெல்லாம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அடையாள அட்டையின் படம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி இலக்கம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கிளினிக் கொப்பி. குவைத்திலோ சவுதியிலோ வீட்டு வேலை செய்கிற அம்மா, வேலை முடிந்த ராத்திரியில் அனுப்பிய குரல் பதிவுகள். செத்துப்போன தாத்தாவின் ஒரே ஒரு தெளிவான படம். அந்தக் காலத்தில் லயக் காம்பராவின் ட்ரங்குப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்ததெல்லாம் இப்போது சட்டைப் பையில் கிடக்கிறது.

நம்மைப் பற்றிய தாள் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி மலையகத்துக்குப் புதிதில்லை. தோட்டங்களின் பழைய நாட்களில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. இந்த ஆட்கள் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது, கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று தொரை எழுதிக் கொடுப்பது. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. அந்தச் சீட்டு கங்காணியின் கையில் இருந்தது. யாருடைய வாழ்க்கை அதில் எழுதியிருந்ததோ அவர் கையில் இருக்கவில்லை. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

பிறகு 1948 வந்தது. பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களான நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே இந்திய, பாகிஸ்தானிய வதிவாளருக்கென்று இன்னொரு சட்டம் கொண்டுவந்து ஒரு வாசலைத் திறந்தார்கள். ஆனால் அந்த வாசலில் ஆதாரம் கேட்டார்கள். 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னால், கல்யாணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் இடைவிடாமல் இந்த நாட்டிலேயே வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். பாடுபட்ட நாட்களின் கணக்கு தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் இருந்தது, பாடுபட்டவரிடம் இருக்கவில்லை. 8 லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. அதற்கு அரசியல் காரணங்கள் இருந்தன, நான் மறுக்கவில்லை. ஆனாலும் காட்டுவதற்குத் தாள் இல்லாமல் நின்ற நம் பாட்டன் பாட்டிகளின் நிலை என் மனதை விட்டுப் போவதில்லை. அந்த நாடற்ற நிலை முடிவதற்கு 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது போனுக்கு வருவோம். ‘எல்லாம் கூகுளில் ஏறியிருக்கும், பயமில்லை’ என்று பலர் சொல்கிறார்கள். பெக்கப், அதாவது வேறிடத்தில் ஒரு நகல், என்று எதுவுமே இல்லாதவரைவிட அவர்கள் எவ்வளவோ மேல். கூகுளும் ஆப்பிளும் நம் படங்களைப் பூட்டித்தான் வைக்கின்றன, அதுவும் உண்மை. ஆனால் சாதாரணமாக அந்தப் பூட்டின் சாவி அவர்களிடமே இருக்கும். நம் ட்ரங்குப் பெட்டியைப் பக்கத்து வீட்டில் வைத்து, சாவியையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்ததற்குச் சமம். பக்கத்து வீட்டார் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் பெட்டியை எப்போது திறப்பது, எப்போது தர மறுப்பது என்பது இனி அவர்கள் முடிவு.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததைச் சொல்கிறேன். 2021 பெப்ரவரியில் ஒரு தகப்பன், தன் சின்னப் பையனின் உடம்பில் கண்ட வீக்கத்தை டொக்டருக்குக் காட்ட போனில் படம் எடுத்தார். மருத்துவமனையே கேட்ட படம். அது தானாகவே கூகுளில் ஏறியது. கூகுளின் கணினி அதைச் சிறுவர் துஷ்பிரயோகப் படம் என்று கணித்துக் கணக்கை முடக்கியது. பொலிஸ் விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்று முடித்தது. அப்படியும் அவருடைய மின்னஞ்சல், படங்கள், போன் நம்பர் எதுவும் திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டு ‘நியூயோர்க் டைம்ஸ்’ இதை விரிவாக எழுதியது. அவ்வளவு படித்த நாட்டில், அவ்வளவு வசதியுள்ள ஒருவருக்கே அந்தக் கதி என்றால், லிந்துலையிலோ அக்கரப்பத்தனையிலோ இருக்கிற நாம் யாரிடம் போய் முறையிடுவது?

கூகுளுக்கும் முன்னால் இன்னோர் இடத்தில் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். டவுனில் போன் வாங்குகிறோம், கடைக்காரப் பையனே ஜீமெயில் திறந்து, பாஸ்வேர்டும் போட்டுக் கொடுக்கிறான். நமக்கு அது என்னவென்றே தெரியாது. ரிப்பேருக்குக் கொடுக்கும்போது ஸ்க்ரீன் பூட்டின் இலக்கத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். அந்தப் பையன் நாணயமானவனாகவே இருக்கட்டும். ஒரு பெண்பிள்ளையின் படங்கள், ஒரு தாயின் அழுகை, ஒரு வீட்டின் வங்கி இலக்கம் எல்லாம் திறந்தபடி இன்னொருவர் மேசையில் கிடப்பது சரியில்லை.

பெரிய இடத்தில் இருந்தால் தொலையாது என்றும் நம்ப வேண்டாம். 2023 ஓகஸ்டில் நம் அரசாங்கத்தின் ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’டையே கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். அந்த நாட்களுக்குத் தனியாக எடுத்து வைத்த நகல் இருக்கவில்லை. ஒரு நாட்டின் நிர்வாகத்துக்கே நேர்ந்தது இது.

அப்படியானால் வழி என்ன? பெட்டி எங்கேயும் இருக்கட்டும், ஆனால் அதை நம் போனுக்குள்ளேயே பூட்டி அனுப்ப வேண்டும், சாவி நம்மைவிட்டுப் போகக் கூடாது. ‘எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன்’ என்று சொல்வது இதைத்தான். படமோ பேச்சோ நம் கையிலேயே குழம்பிய எழுத்தாக மாறிவிடும். வைத்திருக்கிற கம்பனிக்கும் அது குழம்பிய எழுத்துத்தான்.

நாம் எல்லோரும் வைத்திருக்கிற வட்ஸ்அப்பிலேயே தொடங்கலாம். 2016 முதலே அதன் பேச்சுகள் இப்படிப் பூட்டப்பட்டவை. ஆனால் அந்தப் பேச்சுகளின் பெக்கப் கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ போகும்போது இந்தப் பூட்டு அதற்கு இருக்கவில்லை. 2021 ஒக்டோபரில்தான் அதையும் பூட்டிக்கொள்ள வசதி செய்தார்கள். தானாக அது வேலை செய்யாது, நாம்தான் போட வேண்டும். செட்டிங்ஸுக்குள் சாட்ஸ், அதற்குள் சாட் பெக்கப், அதன் அடியில் எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பெக்கப். அதைத் தொட்டு ஒரு பாஸ்வேர்ட் போடலாம், அல்லது 64 எழுத்து, இலக்கம் கொண்ட சாவி ஒன்றைப் பெறலாம். செலவு இல்லை. ஐந்து நிமிட வேலை.

படங்களுக்கு வேறு இடம் வேண்டும். இப்படிப் பூட்டி வைக்கிற ‘எந்தே’ என்று ஒரு செயலி இருக்கிறது. முன்பு கூகுளில் வேலை பார்த்த இந்திய இளைஞர் ஒருவர் தொடங்கியது. அது இயங்கும் நிரலை யாரும் திறந்து படித்துப் பார்க்கலாம், ஒளிவு மறைவு இல்லை. சுவிற்சர்லாந்தின் ‘புரோட்டன் டிரைவ்’ இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் இடம் இலவசம், அதற்கு மேல் மாதக் காசு. என் எண்ணத்தைக் கேட்டால், குடும்பப் படங்களுக்கு எந்தே, பத்திரங்களுக்கு புரோட்டன். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு, 2022 டிசம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த, இதே வகைப் பூட்டான ‘அட்வான்ஸ்ட் டேட்டா புரொடெக்ஷன்’ இருக்கிறது. ஆனால் 2025 பெப்ரவரியில் பிரித்தானிய அரசாங்கம் நெருக்கியபோது, அந்த நாட்டு மக்களுக்கு மட்டும் ஆப்பிள் அதை நிறுத்திக்கொண்டது. அரசாங்கங்களுக்கும் நம் பெட்டிமேல் கண் உண்டு.

டேட்டா கார்ட் போட்டுத்தான் நமக்கு இணையம், மழை வந்தால் சிக்னலும் இல்லை, இத்தனை படத்தை எப்படி ஏற்றுவது என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் ஏற்ற வேண்டாம். முதலில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், சேமலாப நிதி, வங்கி, பள்ளிக்கூடச் சான்றிதழ். நாலைந்து வட்ஸ்அப் வீடியோ பார்க்கிற டேட்டாவில் அவ்வளவும் முடிந்துவிடும். அம்மாவின் குரலும் தாத்தாவின் படமும் அடுத்தது. தாத்தாவின் பழைய ஜீமெயிலிலேயே படங்கள் கிடந்தால் உடனே இறக்கிவிடுங்கள். இரண்டு ஆண்டு யாரும் தொடாத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியிருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாவி நம்மிடம் மட்டும் இருந்தால், அது தொலைந்தாலும் நம்மோடுதான் தொலையும். வட்ஸ்அப்புக்கு எழுதினாலும் புரோட்டனுக்கு எழுதினாலும் அவர்களால் திறந்து தர முடியாது. சிலர் இதற்குப் பயந்தே வேண்டாம் என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, ஆனால் அதற்கு மருந்து ஒரு தாளும் பேனாவும்தான். எந்தே 24 ஆங்கிலச் சொற்களைத் தரும், புரோட்டன் 12 சொற்களைத் தரும். அவற்றையும் வட்ஸ்அப் பாஸ்வேர்டையும் கையால் எழுதுங்கள். படம் பிடித்து அதே போனில் வைக்காதீர்கள். எழுதிய தாளில் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று நம் மலையில் இல்லாமல், மாத்தளையிலோ கொழும்பிலோ இருக்கிற அக்கா வீட்டில், சித்தப்பா வீட்டில் இருக்கட்டும். ஒரே மண்சரிவில் இரண்டும் போய்விடக் கூடாது.

இன்னும் ஒன்று. புதுப் போனில் வட்ஸ்அப்பைத் திரும்ப எடுக்க அதே நம்பர் வேண்டும். உங்கள் சிம் உங்கள் அடையாள அட்டையில் இருக்கிறதா, இல்லை யாரோ எப்போதோ வாங்கித் தந்ததா? வேறு பேரில் இருந்தால், அவர் வந்து கையெழுத்து வைக்காமல் தொலைந்த சிம்மை மறுபடி எடுப்பது கஷ்டம். பேரை மாற்றிக்கொள்ளுங்கள். கடைப் பையன் போட்ட ஜீமெயில் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

பத்தனையில், தலவாக்கலையில், கொட்டகலையில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இதெல்லாம் உங்களுக்கு விரல் நுனி வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்து இல்லாத பொழுதில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் வட்ஸ்அப் பெக்கப்பைப் பூட்டிக் கொடுங்கள். பாஸ்வேர்டை அம்மாவே யோசித்து, அம்மாவே தன் கையால் எழுதி வைக்கட்டும்.