சைக்கிள் செயினைக் கழற்றிப் பூட்டுவது எப்படி?

(பேராதனைப் பக்கத் தோட்டமொன்றின் கொழுந்து மடுவத்தில் நமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழக்கமாக நான் வந்தால் கக்கூசு, தடுப்பூசி, பிள்ளைகளின் நிறை என்றுதான் பேசுவேன். இன்றைக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிளை நிறுத்திவைத்துக்கொண்டு பேசுகிறேன். சிரிக்க வேண்டாம். 2022ஆம் ஆண்டு பெற்றோல் இல்லாமல் நாடே நின்றபோது, லயத்துக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன அல்லவா? இன்னும் பல ஓடுகின்றன. ஆனால் செயினைக் கவனிக்கிற ஆள்தான் இல்லை.

முதலில் என்னுடைய இந்த விரலைப் பாருங்கள். நுனி கிடையாது. பதினாறு வயதில் ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டு, மறுகையில் பழந்துணியால் செயினைத் துடைத்தேன். துணி பல்லுச்சக்கரத்தில் மாட்டியது, துணியோடு விரலும் போனது. எனக்குப் பேனா பிடிக்கிற வேலை, எப்படியோ சமாளித்துவிட்டேன். கொழுந்து எடுக்கிற ஒரு தங்கச்சிக்கு இப்படி நடந்தால் நாள் சம்பளம் என்ன ஆகும்? அதனால்தான் சொல்கிறேன், செயினைக் கழற்றி எடுத்துத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைக்காதீர்கள்.

இந்த மாதிரிச் செயினைச் செய்தவர் ஹான்ஸ் ரெனோல்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழிற்சாலை நடத்தியவர். 1880ஆம் ஆண்டில் செய்தார். நம்ம கலஹாவுக்கு அப்பால் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867இல். பதின்மூன்று வருஷந்தான் வித்தியாசம். ஸ்டோரில் மெசின்களை ஓட்டுகிற செயின்களும் இதே சாதிதான்.

சரி, வேலைக்கு வருவோம். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தலைகீழாகக் கவிழ்த்தால் மேலது கீழாகிப் புத்தி மயங்கும். செயின் கவர் இருந்தால் கழற்றுங்கள். பின்சக்கரத்து நட் இரண்டையும் தளர்த்திச் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினால் செயின் தொய்யும். பிறகு ஒவ்வொரு கண்ணியாகப் பாருங்கள். ஒன்றில் மட்டும் மெல்லிய தகட்டுக் கிளிப் இருக்கும். அதுதான் பூட்டுக் கண்ணி. குறட்டின் ஒரு வாயைக் கிளிப்பின் பிளந்த முனையிலும், மறுவாயை ஆணியிலும் வைத்து அமுக்கினால் கிளிப் நழுவி வரும். வந்ததும் பால்மா டின் மூடியில் போடுங்கள். புல்லில் விழுந்தால் அன்றைய பொழுது போச்சு. கியர் வைத்த புதுச் சைக்கிள்களில் இந்தக் கிளிப் இருக்காது. அதைக் கடைக்காரரிடமே விடுங்கள்.

கழற்றிய செயினைப் பழைய டின்னில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேயுங்கள். கொஞ்சம் போதும். 87 ரூபாயாக இருந்த லீற்றர் 2022 ஓகஸ்ட்டில் 340 ரூபாயானதை மறந்திருக்க மாட்டீர்கள். அடுப்புப் பக்கத்தில் இந்த வேலை கூடவே கூடாது. அழுக்கு எண்ணெயைப் பீலிப் பக்கமோ கானிலோ ஊற்றாதீர்கள், கீழ் லயத்தில் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரோட்டுப் புழுதி எல்லாம் அதில்தான் ஒட்டும்.

பூட்டுவதற்கு முன் தையல் நாடாவால் அளந்து பாருங்கள். ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். அரைக்கால் அங்குலம் கூடுதலாக வந்தால் செயின் தேய்ந்துவிட்டது, புதுசு வாங்குங்கள்.

இனிப் பூட்டுவது. செயினின் இரண்டு நுனியையும் பின் பல்லுச்சக்கரத்தின் மேலேயே சந்திக்க வையுங்கள். பற்களே பிடித்துக்கொள்ளும், மூன்றாவது கை தேவையில்லை. பூட்டுக் கண்ணியை உள்பக்கமிருந்து செருகி, வெளித்தகட்டை வைத்து, அதன்மேல் கிளிப்பைப் போடுங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். கிளிப் பார்ப்பதற்கு மீன் மாதிரி. உருண்ட பக்கம் தலை, பிளந்த பக்கம் வால். செயின் ஓடுகிற திசைக்குத் தலை முன்னுக்கு இருக்க வேண்டும். மேல் ஓட்டம் பின்சக்கரத்திலிருந்து பெடலை நோக்கிப் போகிறது, மீனும் அப்படியே நீந்த வேண்டும். வால் முன்னுக்கு இருந்தால் ஒரு கல்லோ குச்சியோ தட்டினாலும் கிளிப் தெறித்துவிடும். கலஹா ரோட்டு ஏற்றத்தில் எழும்பி நின்று மிதிக்கும்போது செயின் விட்டால், முழுப் பாரத்தோடும் நெஞ்சு ஹேண்டிலில் மோதும். பக்கத்தில் பஸ் வந்தால் நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, நேராக வைத்து, நட்டை இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்குங்கள். கீழ் ஓட்டத்தின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் அளவு ஆட வேண்டும். பெடலை மெதுவாகச் சுற்றி, நிறுத்தி, மூன்று நான்கு இடத்தில் பாருங்கள்.

கடைசியாகப் பிறேக். சக்கரம் இடம் மாறினால் பிறேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையிலுள்ள தூரமும் மாறும். அதைச் சரிபார்க்காமல் ஹிந்தகலைப் பக்கம் இறங்கவே கூடாது.

நான் செய்து காட்டினால் நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள். குறடு இங்கே இருக்கிறது. பொடியன்கள் கொஞ்சம் பொறுங்கள், முதலில் ஒரு அக்கா முன்னுக்கு வாங்க.