வாசலில் நின்ற பரதேசி

இன்று ஒருவரைப் பார்த்து 'பரதேசி' என்றால் சண்டைதான் வரும். ஆனால், கோயில் கோயிலாக நடந்தவர்களுக்கு நம் முன்னோர் வைத்திருந்த பெயர் அது. பரதேசம் என்றால் வேற்று நாடு. அங்கிருந்து வந்தவர் பரதேசி. கொச்சியில் 1568-இல் கட்டப்பட்ட யூதர் ஜெபாலயத்துக்குப் பரதேசி என்ற பெயர் இருக்கிறதே, அங்கே வெளிநாட்டார் என்பதைத் தவிர வேறு பொருள் உண்டா என்று கேட்கலாம். இல்லைதான். அது சொல்லின் முதல் பொருள். ரோமாபுரியில் அயலானைக் குறித்த 'பெரெக்ரீனுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்துதான் யாத்திரிகரைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'பில்கிரிம்' பிறந்தது. அந்த ஆங்கிலச் சொல்லைப் பழைய ஆங்கில விவிலியம் ஆளும் இடத்தில், பழைய தமிழ் விவிலியம் பரதேசிகள் என்றே சொல்கிறது. இரண்டு சொற்களும் தனித்தனியே கிளம்பி ஒரே இடத்துக்கு வந்தது எப்படி? 'யாத்திரிகர்' என்பது நடக்கிறவரின் பயணத்தைச் சொல்லும் பெயர். 'பரதேசி' அப்படியல்ல, வாசலில் வந்து நின்ற முகம் தெரியாதவருக்கு ஊர்க்காரர் இட்ட பெயர். சோறு போடுகிறவரின் சொல் அது என்பதே என் கருத்து.

அப்படிச் சோறு போட்டவர்களில் ஒருவர், பூந்தமல்லிக்குப் பக்கத்துத் திருவேற்காட்டில் பிறந்த மூர்க்க நாயனார். அடியார்களுக்கு அமுது படைத்துவிட்டுக் கடைசிப் பந்தியில் தாம் சாப்பிட்டவர் என்கிறது பெரியபுராணம். கைப்பொருள் கரைந்ததும் சூதாடி வென்று சோறு போட்டார். ஊரில் ஆட ஆளில்லாமல் போகவே, குடந்தை வரை போனார். ஜெயித்த காசைத் தம் கையால் தொடவில்லை, சமைப்பவர்களே எடுத்துக்கொண்டார்கள். விருந்திட்டவரே அங்கே வேற்றூரார் ஆனார்!

காவி கட்டி ஏமாற்றியவர்களால்தான் பரதேசி என்ற சொல் கெட்டது என்பார்கள். ஏமாற்றுக்காரர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களைத் திட்ட வேடதாரி, போலிச்சாமியார் என்ற சொற்கள் தனியாகவே இருக்கின்றன. 'பரதேசிப் பயல்' என்று திட்டும்போது பொய்யையா சுட்டுகிறோம்? வீடு வாசல் இல்லாததைத்தானே! வறுமையைக் குற்றமாக்கியது நம் நாக்கு. நடந்து வந்தவர் அல்ல.

புரட்டாசியில் சென்னையிலிருந்து திருப்பதிக்குத் திருக்குடைகள் வில்லிவாக்கம், திருமுல்லைவாயல், திருவள்ளூர் வழியாகப் போகும். அந்த நாளில் வழியோரம் மோரும் சாதமும் கொடுப்பவர்கள், வாங்குகிறவரிடம் எந்த ஊர் என்று கேட்பதில்லை. 'பரதேசி' என்ற சொல்லை வசையாக எடுக்குமுன், நேயர்களே, அந்த மோர்க் குவளையை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.