பராக்கு

(பழைய மாணவர் கூடுகையின்போது ஞாயிறு காலை ஆராதனையில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷத்துக்கு மேல் பேசக் கூடாது என்று செயலாளர் சொல்லிவிட்டார். காலைச் சிற்றுண்டி ஆறிப்போகும் என்பது அவர் கவலை. நான் பேச வந்ததும் கிட்டத்தட்ட அதைப் பற்றித்தான்.

கடைக்கு அனுப்பின பிள்ளை திரும்பி வரவில்லை என்றால், "எங்கே பராக்குப் பார்த்துக்கிட்டு நிக்கிறானோ" என்பார்கள் நம் ஊரில். அந்தப் பிள்ளை போகமாட்டேன் என்று சொல்லவில்லை. போய்க்கொண்டுதான் இருக்கிறான். வழியில் ஒரு குரங்காட்டி, அவ்வளவுதான்.

கிறிஸ்துவிடம் வராமல் மனிதரைத் தடுப்பது எது என்று கேட்டால் டார்வின் என்பார்கள், மார்க்ஸ் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுத்து வாதம் பண்ணுகிறவராவது அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார். உட்காரவே நேரமில்லாதவர்கள்தான் அதிகம்.

லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன விருந்து உவமை உங்களுக்குத் தெரியும். அழைக்கப்பட்டவர்களில் ஒருவன் வயல் வாங்கியிருக்கிறான், பார்க்கப் போகவேண்டுமாம். வாங்கின பிறகா பார்ப்பார்கள்? இன்னொருவன் ஐந்து ஏர் மாடு வாங்கிவிட்டான், சோதித்துப் பார்க்கவேண்டுமாம். மேலப்பாளையம் சந்தையில் பல்லைப் பார்க்காமல், சுழி பார்க்காமல் யாராவது மாடு பிடிப்பார்களா? மூன்றாமவனுக்குக் கல்யாணம். மோசேயின் சட்டப்படி புது மாப்பிள்ளைக்கு ஒரு வருஷம் யுத்தத்துக்குப் போவதிலிருந்து விலக்கு உண்டு. விருந்துக்குப் போவதிலிருந்து விலக்கு கிடையாது! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வயல், மாடு, கல்யாணம், இந்த மூன்றில் எதுவுமே பாவம் இல்லை. சாராயக் கடைக்குப் போகிறேன் என்று ஒருவனும் சொல்லவில்லை.

சி. எஸ். லூயிஸ் 1942இல் வெளியிட்ட ‘ஸ்க்ரூடேப் லெட்டர்ஸ்’ நூலில் ஒரு மூத்த பிசாசு தன் மருமகனுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிறது. அதன் முதல் கடிதத்தில் ஒரு நாத்திகர் வருகிறார். பிரிட்டிஷ் மியூசியத்தில் படித்துக்கொண்டிருந்தவருடைய மனம் மெல்லக் கடவுள் பக்கம் திரும்புகிறது. பிசாசு எதிர்வாதம் எதுவும் வைக்கவில்லை. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதே என்று மட்டும் நினைவூட்டுகிறது. மனிதர் தெருவுக்கு வருகிறார். பேப்பர் விற்கும் பையனையும் 73ஆம் நம்பர் பஸ்ஸையும் பார்க்கிறார். கதை முடிந்தது.

எங்கள் விடுதியில் ஒரு நண்பன் இருந்தான். அவன் கிறிஸ்தவன் அல்ல. என்னிடம் புதிய ஏற்பாட்டை வாங்கி மாற்கு சுவிசேஷத்தை ஒரே இரவில் படித்தான். காலையில் பல்கூட விளக்காமல் வந்து, "இவரு உயிரோட எழுந்தது நெஜம்னா நான் என் வாழ்க்கையையே மாத்தணும்லா? பொய்யின்னா விட்டுரலாம். ரெண்டுல எதுன்னு பாத்துரணும்டே" என்றான். இவ்வளவு நேர்மையாகக் கேட்டவர்களைச் சபையில்கூட நான் அதிகம் கண்டதில்லை. பரீட்சை முடியட்டும் என்றான். பிறகு பேங்க் பரீட்சை வந்தது, தங்கச்சி கல்யாணம் வந்தது. வீடு கட்டினான், மகனுக்கு இன்ஜினியரிங் சீட்டுக்கு அலைந்தான். எல்லாம் நல்ல காரியங்கள்தான், நல்ல மனிதன்தான். அவனுடைய அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாலையும் கழுத்துமாக என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய், "அந்தக் கேள்விய நான் இன்னும் பாக்கவே இல்லடே. மறுத்துட்டேன்னு சொல்லல. பாக்கவே இல்ல" என்றான். அதற்குள் போட்டோகிராபர் கூப்பிட்டார், போய்விட்டான். (அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.)

பிறவிக் கிறிஸ்தவர்களாகிய நாம் இதைக் கேட்டு உச்சுக்கொட்ட வேண்டாம். அசனத்துக்கு எத்தனை மூட்டை அரிசி, பாடகர் குழுவுக்கு என்ன கலர் சேலை, திருமண்டலத் தேர்தலில் எந்த அணி என்று நமக்கும் பராக்கு ஏராளம். மார்த்தாள் வேறு யாருக்கோ சமைக்கவில்லை, இயேசுவுக்குத்தான் சமைத்தாள். அப்படியும் அவர் பேசியதைக் கேட்க அவளுக்கு நேரமில்லை.

தம்பி தங்கைகளே, எங்கள் காலத்தில் ஞாயிறு மாலை தூர்தர்ஷனில் படம் போடுவார்கள். அது மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். உங்கள் கையில் உள்ள போன் முடிகிறதே இல்லை. இயற்பியலில் அழுத்தத்தின் அலகாக நீங்கள் படிக்கிற பாஸ்கல் 1662இல் இறந்தவர். மனிதன் முயல் வேட்டைக்குப் போவது முயலுக்காக அல்ல, சும்மா கொடுத்தால் வாங்கமாட்டான் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். தன்னைப் பற்றி, தன் சாவைப் பற்றி நினைக்காமல் இருப்பதற்குத்தான் இந்த ஓட்டமாம். ராத்திரி இரண்டு மணிக்கு, ‘நான் எதுக்கு இருக்கேன்’ என்று ஒரு நினைப்பு வரும் பாருங்கள், அது வந்தவுடனே கை போனைத் தேடும். அந்தச் சமயத்தில் ஐந்து நிமிஷம் எடுக்காமல் இருந்து பாருங்கள்.

மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான். இரண்டு மணி நேரத்தில் வாசித்துவிடலாம். வாசித்துவிட்டு, நம்ப முடியவில்லை என்று யாராவது சொன்னால் அந்தப் பதிலை மதிக்கிறேன். வாசலருகே மேஜையில் நூறு பிரதிகள் வைத்திருக்கிறேன். எந்தச் சமயத்தவரானாலும் விருப்பமுள்ளவர்கள் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. என் நண்பனுக்கும் போன வாரம் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.