அவசர வேளையில் தலை, கழுத்து ஸ்கேன்: பார்ப்பவரும் சொல்பவரும்

(ராஜகுளத்தில் மகாவீரர் பிறப்பு விழாக் கூட்டத்தில் கதிரியக்க மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறம் பேசும் மேடையில் ஸ்கேன் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையினர் பணித்தபோது முதலில் தயங்கினேன். நம் ஊரை ஒட்டி ஓடும் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையும், நம் வீடுகளில் தனியே நடமாடும் முதியோரும் நினைவுக்கு வந்தபின் தயக்கம் நீங்கிற்று. நள்ளிரவில் ஒருவரைத் தலைக்காயத்தோடு தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பத்தினர், ஸ்கேன் அறைக் கதவுக்குப் பின்னால் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்திருப்பது நல்லது.

மனிதத் தலையின் முதல் சி.டி. ஸ்கேன் 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் எடுக்கப்பட்டது. கருவியை உருவாக்கிய காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு மருத்துவர் அல்லர். இசைத்தட்டு விற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர். 1979-இல் ஆலன் கோர்மக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதற்கு முன் மூளையைச் சுற்றி இரத்தம் தேங்கியுள்ளதா என்பதை அறிய இரத்தக் குழாயில் மருந்து செலுத்திப் படமெடுப்பார்கள், அல்லது மண்டையோட்டில் துளையிட்டே பார்ப்பார்கள். இன்று சில வினாடிகளில் தலை முழுவதும் படமாகிவிடுகிறது. படம் விரைவில் வருகிறது. அதைப் படிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

சி.டி. படம் என்பது உண்மையில் எண்களின் அடுக்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்குச் சுழி, காற்றுக்குக் கழித்தல் 1000, மூளைத் திசுவுக்கு ஏறத்தாழ 25 முதல் 40, புதிதாக உறைந்த இரத்தத்துக்கு 60 முதல் 80, கெட்டியான எலும்புக்கு 1000-க்கும் மேல். இத்தனை நிறபேதங்களை மனிதக் கண்ணால் ஒருசேரப் பிரித்தறிய இயலாது. ஆகவே ஒரே படத்தைப் பல 'விண்டோ'க்களில், அதாவது பல சாளரங்களின் வழியே, பார்க்கிறோம். மூளைக்குரிய சாளரத்தில் எலும்பின் விரிசல் தெரியாது. எலும்புக்குரிய சாளரத்தில் மூளை வெறும் சாம்பல் நிறமாகிவிடும். எலும்பை ஒட்டிக் காகிதம்போல் படிந்திருக்கும் இரத்தமோ இவ்விரண்டிலும் மறைந்து, மூன்றாவது சாளரத்தில்தான் வெளிப்படும். அநேகாந்தம் பயின்ற அவைக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. (யானையைத் தடவிய குருடர் கதையைச் சொல்லிவிடுவேனோ என்று அஞ்ச வேண்டாம்.)

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் செய்த பிழை ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். குளியலறையில் வழுக்கி விழுந்த முதியவர் ஒருவருக்கு இரவு இரண்டு மணிக்குத் தலையும் கழுத்தும் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் மேல் பிறைவடிவில் வெண்மையாக இரத்தம் படிந்திருந்தது. கண்டதும் அறிக்கை எழுதி, அறுவை மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, கடமையைச் செவ்வனே முடித்த நிறைவோடு இருந்தேன். காலையில் மூத்த மருத்துவர் அதே படத்தை எலும்புச் சாளரத்தில் திறந்தார். கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பு முறிந்திருந்தது. கழுத்துப் படங்களை நான் புரட்டினேன், ஆனால் பார்க்கவில்லை. செவிலியர் கழுத்துப்பட்டையைக் கழற்றாமல் விட்டிருந்ததே அம்முதியவரைக் காத்தது. முறிந்த அந்த எலும்பு நகர்ந்திருந்தால் கைகால்களும் மூச்சும் நின்றுபோயிருக்கலாம்.

ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் மனம் தேடுவதை நிறுத்திவிடும். என் அறியாமையால் நேர்ந்த பிழையன்று அது. கண்டுவிட்டேன் என்ற மகிழ்ச்சியால் நேர்ந்தது. எங்கள் துறையில் தவறவிட்டவற்றை ஒன்றுகூடி மீண்டும் பார்க்கும் வழக்கம் உண்டு. நம்மவர் நாள்தோறும் செய்யும் பிரதிக்கிரமணத்துக்கு அது நெருங்கிய உறவு என்று நான் எண்ணுவதுண்டு.

அன்றுமுதல் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டேன். முதலில் தலையின் தோல் எங்கே வீங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். அடிபட்ட இடத்தை அது காட்டிக்கொடுக்கும். அதன் கீழே எலும்பு விரிசல். பிறகு நேர் எதிர்ப்புறம், ஏனெனில் மூளை அதிர்ந்து மறுபக்கத்தில் மோதிக் காயப்படுவதுண்டு. பின்னர் மூளையின் அடித்தளம், நீர்ப்பைகள், கண்குழி, இறுதியாகக் கழுத்து. கண்ணை உறுத்தும் வெள்ளைக் கட்டியை வேண்டுமென்றே கடைசியில் விவரிப்பேன்.

வெண்மையாகத் தெரியும் இரத்தத்தைக் கண்டறிவது எளிது. முதியோருக்கு நேரும் இன்னொரு வகைதான் கடினம். விழுந்து இரண்டு, மூன்று வாரங்கள் ஆனபின், தேங்கிய இரத்தம் வெண்மை குன்றி மூளையின் நிறத்தையே அடைந்துவிடும். இரு பக்கமும் சமமாகத் தேங்கினால் மூளை ஒருபுறம் சாயாது. படம் வயதுக்கேற்ற மூளைபோலவே தோன்றும். மடிப்புகள் எலும்புவரை எட்டவில்லையே என்ற ஐயம் எழுந்தால்தான் புலப்படும். அந்த ஐயத்தை எங்களுக்கு ஊட்டக்கூடியவர்கள் நீங்களே. "அப்பாவுக்கு மறதி, நடை தள்ளாடுகிறது" என்று மட்டும் சொன்னால் நாங்கள் ஒன்றைத் தேடுவோம். "பங்குனியில் கோயில் படியில் தடுக்கி விழுந்தார், அப்போது ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டோம், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்" என்று சேர்த்துச் சொன்னால் வேறொன்றைத் தேடுவோம். மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடித்தால் பலர் பழையபடி நடமாடத் தொடங்குகிறார்கள். வயதாகிவிட்டது என்று குடும்பத்தார் முடிவு கட்டிய எத்தனையோ பேர் இவ்வகையினர்.

பக்கவாதத்தில் நிலைமை தலைகீழ். முதல் சில மணி நேரத்தில் ஸ்கேன் இயல்பாகவே தெரியலாம். படத்தில் ஒன்றும் இல்லை என்பதற்குப் பக்கவாதம் இல்லை என்று பொருளன்று. இரத்தக்கசிவு இல்லை என்பதே பொருள். கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்பதை முடிவுசெய்ய அந்தச் செய்தி இன்றியமையாதது. அவ்வூசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே எல்லை. வாய் கோணியதைக் கண்ட நேரத்திலிருந்து அதைக் கணக்கிடுவதில்லை. அவர் கடைசியாக நலமாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்தே கணக்கு. கடிகாரத்தைப் பார்த்து அந்நேரத்தைக் குறித்து வையுங்கள்.

சாலை விபத்தைப் பற்றிச் சுருக்கமாக: பணத்துக்கு அஞ்சி நேரத்தை இழக்க வேண்டாம். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று நமக்கு அண்மையிலுள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் விபத்துக்குள்ளானவர் எவராயினும், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில், முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை வரையறுத்த தொகைவரை அரசே ஏற்கிறது.

இனிக் கணினியே படித்துவிடாதா என்று இளைஞர் ஒருவர் கேட்டார். இந்தியாவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தலை ஸ்கேன்களைத் திரட்டி, அவற்றில் பெரும்பகுதியைக் கொண்டு கணினியைப் பழக்கிய ஆய்வு ஒன்று 2018-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. கணினியின் விடை சரியா என்று சோதிக்க அவர்கள் ஒரு மருத்துவரை நம்பவில்லை. மூவர் தனித்தனியே படித்து, பெரும்பான்மை சொன்னதையே அளவுகோலாகக் கொண்டார்கள். இரண்டாம் கருத்துக் கேட்க விரும்பும் குடும்பத்தினர் மருத்துவர் வருந்துவாரோ என்று தயங்க வேண்டாம். நான் வருந்தமாட்டேன்.

கழுத்தைப் பொறுத்தவரை மீன்முள் நம் வீட்டுப் பிரச்சினையன்று. சொத்தைப் பல் நம்முடையது. தாடையின் கீழ் வீங்கி, நாக்கு மேலெழும்பி, எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தால், சீழ் கழுத்துக்குள் இறங்கி மூச்சுவழியை நெருக்குகிறது என்று பொருள். காலைவரை காத்திருக்கலாகாது. அதற்கு மருந்து செலுத்தி ஸ்கேன் எடுப்போம். அம்மருந்து விலங்கிலிருந்து வந்ததா என்று நம் தாய்மார்கள் கேட்பது நியாயமே. அன்று, அயோடின் சேர்ந்த, ஆலையில் செய்த இரசாயனம். ஹெப்பாரின் என்னும் ஊசியோ பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. அதைப் பற்றிக் கேட்க வேண்டுமெனில் முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் பேசிவையுங்கள். நள்ளிரவு அதற்கு உகந்த நேரமன்று. உபவாசம் இருந்தவரானால், கடைசியாக எப்போது நீர் அருந்தினார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நீர் வற்றிய உடலில் அந்த மருந்து சிறுநீரகத்துக்குச் சுமையாகலாம். தெரிந்தால் முன்னதாகவே நரம்பில் நீர் ஏற்றிவிடுவோம்.

இன்னும் சொல்லலாம். ஆனால் கதிரவன் சாய்கிறான், பந்தியில் இலை போட்டுவிட்டார்கள் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். இருட்டுமுன் அனைவரும் உண்டாக வேண்டும். ஐயமுள்ளவர்கள் பந்தியிலேயே என்னருகில் அமரலாம்.